செம்புக்குக் காய்ச்சல் வராது

திருமானூரிலிருந்து கரும்புக்குக் களை வெட்டப் போகும் லோடு ஆட்டோவில் ஒரே ஒரு நல்ல இடம்தான் உண்டு. டிரைவர் முதுகுக்குப் பின்னால், தகரத்தில் சாய்ந்துகொள்ளும் மூலை. காற்று முகத்தில் அறையாது, பள்ளத்தில் விழுந்தாலும் இடுப்பு தப்பிக்கும். அந்த மூலைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காத்தாயி ஏறினால் சாந்தா எழுந்துவிடுவாள். சாந்தா ஏறினால் அம்பிகா எழுந்துவிடுவாள். அம்பிகா ஏறினால் பானுப்ரியா. மாறி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் அம்பிகா பத்தாவதைத் தனியாக எழுதிக்கொண்டிருந்தாள். பாஸானால் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம். வெயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிழலில் நிற்கலாம். தமிழும் கணக்கும் எப்படியோ மண்டைக்குள் இறங்கிவிட்டன. அறிவியலில் எந்த உலோகம் எதை உப்புக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் என்பதுதான் நிற்கவே மாட்டேன் என்றது. நகைக்கடையில் இருக்கிற மரியாதையை நினைத்துத் தங்கத்தை வரிசையின் தலைமாட்டில் வைத்தாள். போட்ட விடையெல்லாம் தலைகீழாகப் போயிற்று.

ஒருநாள் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வரும்போது பிடிபட்டது. காத்தாயி துத்தநாகம். சாந்தா இரும்பு. தான் செம்பு. பானுப்ரியா வெள்ளி. உலோகம் உப்பாகத் தண்ணீரில் கரைந்து கிடப்பது மூலையில் சாய்ந்திருப்பது மாதிரி. வல்லவள் வந்தால் இருப்பவள் எழ வேண்டும். இளைத்தவள் வந்தால் நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

அரியலூரில் செய்முறைத் தேர்வு. தேர்வு நடத்த வந்த பிரசாத் சார் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்து, என்ன ஆகும் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் நீலத் தண்ணீர், செம்பு உப்பு. பக்கத்தில் இரும்பு ஆணி. செம்பு உட்கார்ந்திருக்கிறது, இரும்பு ஏறுகிறது. நீலம் வெளுக்கும், ஆணியில் செம்பு படியும் என்று எழுதிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆணி பழுப்பேறியது.

இன்னொன்றில் வெளிறிய பச்சைத் தண்ணீர், இரும்பு உப்பு. பக்கத்தில் செம்புக் கம்பி. பக்கத்து மேசைச் செந்தில்குமார் ஓட்டலில் புரோட்டா போடுகிற ஆள். அவன் மெல்லக் குனிந்தான்.

"ஏதாவது கலர் எழுதிடுக்கா. பரிச்சைன்னு வச்சா ஏதாச்சும் நடந்துதானே ஆவணும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒன்றும் ஆகாததைக் கொடுத்தா மார்க் போடுவார்கள்? போதாததற்கு, தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் அடித்த காலையில் சாந்தா தானாக எழுந்து அந்த மூலையைக் கொடுத்தது இப்போது பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. செம்பு ஏறியும் இரும்பு எழுந்திருக்கிறதே! பேனா தாளில் புள்ளி குத்திக்கொண்டு நின்றது.

அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது. செம்புக்குக் காய்ச்சல் வராது. வந்தாலும் இரும்புக்குச் சாந்தா மனசு கிடையாது. 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டுக் கம்பியைப் போட்டாள். மணி அடிக்கும்வரை பச்சை பச்சையாகவே இருந்தது. செந்தில்குமார் தன் தாளில் எழுதிய சிவப்பை அடித்துக்கொண்டிருந்தான்.

அம்பிகா பாஸ் என்று ரிசல்ட் வந்த மறுநாள், யார் எந்த உலோகம் என்ற சங்கதி முழுவதும் ஆட்டோவில் வெளியே வந்தது. துத்தநாகத்துக்கு மேலேயும் ஆள் உண்டா என்று காத்தாயிக்குக் கோபம். பொட்டாசியம் என்று ஒன்று இருப்பதையும், தண்ணீரில் பட்டாலே தீப்பிடிக்கும் என்பதையும் அம்பிகா சொன்னாள்.

"அது எங்க மாமியா," என்றாள் சாந்தா.

"தங்கம் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள் காத்தாயி.

"கடைசிலக்கா. அது யாரையும் எழுப்பாது. யாரு வந்தாலும் எழும்பிப் போயிடும்."

"அப்ப எங்க வூட்டு ஆளு," என்று சொல்லிக்கொண்டே காத்தாயி மூலையிலிருந்து எழுந்தாள். "வந்து உக்காருடி."

செம்பு ஏறினால் துத்தநாகம் எழாது என்று அம்பிகா தயங்கினாள்.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு. உக்காருன்னா உக்காரு."