ஈரமாக வைத்த சிமெண்ட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் ஞானப்பல்லிலிருந்து வந்தது. பிடுங்கிய பல்லைத் தங்கை தன் ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிப் போனாள். பல்லின் உள்சதையில் ஸ்டெம் செல்கள் உண்டு. அடிபட்ட பல்லை உள்ளிருந்தே சரிசெய்யப் பார்ப்பவை அவை. அவற்றைத் தட்டில் வளர்த்து, பல் டாக்டர்கள் வைக்கும் சிமெண்ட் அவற்றை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை.

(முதலில் "நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் அவள் முகம்" என்று ஆரம்பித்திருந்தேன். சகிக்கவில்லை.)

2

என் எட்டு வயது மகள் மாடிப்படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். உள்சதை தெரிந்தது. வேர் இன்னும் வளர்ந்து முடியாத பல். உள்சதை செத்தால் பல்லே நிலைக்காது. புது சிமெண்ட் ஒன்றை வைத்து மூடிப் பார்க்கலாமா என்றார் டாக்டர். தங்கைக்கு போன் போட்டேன்.

"தைரியமா வைக்கச் சொல்லுக்கா. உன் செல்லுலயே பாத்தாச்சு, ஜம்முனு வளருது."

வைத்தார்கள்.

3

இங்கேதான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. தங்கை அசட்டையானவள் அல்ல. சிமெண்டை வில்லையாக வார்த்து, ஒரு நாள் இறுகவிட்டு, கழுவித்தான் செல்களோடு வைப்பாள். அவர்கள் கூடத்தின் செய்முறைத் தாளே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வாயில் யார் ஒரு நாள் காத்திருக்கிறார்கள்? குழைத்த ஈரத்தோடு வைக்கிறார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் அவளுக்கு இது உறைத்தது. ஈரமாக வைத்துப் பார்த்தாள். என் செல்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

அன்றே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதி, கிழித்துவிட்டேன்.

"தட்டு வேற, பல்லு வேறக்கா. பல்லுக்குள்ள ரத்தம் ஓடுது. தப்பிச்சிருக்கலாம்."

மகள் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

4

முடிவு ஒன்று: பல் பிழைக்கிறது, அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சீ.

முடிவு இரண்டு: பல் கறுக்கிறது. தங்கை வேலையை விட்டுவிட்டு

(வேண்டாம். அவள் இதைப் படிப்பாள்.)

5

இன்று சோதனை. குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைப்பார்கள். உயிர் இருந்தால் கூசும். கூசினால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், இரண்டு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. தங்கையும் வந்திருந்தாள், சுவரோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

உள்ளே கூப்பிடும்போது மகள் என் காதோரம் வந்தாள்.

"நான் கைய தூக்கிட்டா சித்திய திட்ட மாட்டல்ல?"

பதில் சொல்வதற்குள் நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டாள்.

பஞ்சு போனது. கை உயர்ந்தது. டாக்டர் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். 

கை எப்போது உயர்ந்தது, பஞ்சு தொட்ட பிறகா, தொடுவதற்கு முன்பேயா? நான் அந்த நேரம் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பார்த்தீர்களா?