இரும்பைத் தொட்டுவிட்டு

பிளாஸ்டிக் தாள் சுருட்டும் ஆலையில் அவளுக்குப் பெயர் பட்டாசு. வாய்க்காக வைத்த பெயர் இல்லை. அவள் வாயைத் திறந்தால்தானே! நாள் முழுக்கத் தாள் உருளைகள்மேல் உரசி ஓடும். பக்கத்தில் நின்று அவள் துணியால் தூசி துடைப்பாள். உரச உரச மின்சாரம் ஏறும். காலிலோ ரப்பர் செருப்பு. தரைக்கு இறங்க வழியில்லாமல் எல்லாம் அவள் உடம்பிலேயே தங்கும். அப்புறம் யார் தொட்டாலும் 'படக்'. கூட வேலை செய்பவர்கள் டீ டம்ளரைக்கூட மேசைமேல் வைத்துத் தள்ளித்தான் விடுவார்கள். சிரித்துக்கொண்டேதான். அந்தச் சிரிப்பு யாருக்கு வேண்டும்?

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். ஆளைத் தொடுமுன் இரும்பைத் தொட்டுவிடுவாள். ஏறியதெல்லாம் அதில் இறங்கிவிடும். பதினெட்டு வருடப் பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாக ஜன்னல் கம்பிக்குப் போகும். அதற்கப்புறம் தொடுவதற்கு அந்த வீட்டில் ஒரு ஜீவன் கிடையாது. கை கேட்டால்தானே!

ஒரே ஒரு தடவை மறந்தாள். போன வருடம் தம்பி குடும்பத்தோடு ஆலை வாசலுக்கே வந்து நிற்க, ஓடிப்போய் அவன் மகளின் கன்னத்தைப் பிடித்தாள். படக்! பிள்ளை வீறிட்டது.

"அத்தை கடிக்குது!"

அன்றிலிருந்து அந்த ஐந்து வயது வாண்டு அவளைக் கண்டாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இப்போது தம்பிக்குக் கடல் தாண்டி வேலை. குடும்பத்தோடு போகிறான், இனி எப்போது வருவானோ. ரயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவில் பார்ப்பதாக ஏற்பாடு. போவதற்குள் அந்தப் பிள்ளை ஒரு தடவை தன்னிடம் வரவேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். லீவு போட்டாள். பருத்தித் துணியாகப் பார்த்து உடுத்தினாள். வழியில் கண்ட கம்பத்தையெல்லாம் தொட்டுக்கொண்டு வந்தாள்.

எங்கே! பிள்ளை அவளைப் பார்த்ததுமே சறுக்கு மரத்துக்கு ஓடிவிட்டது. மரம் என்ன மரம், முழுக்கப் பிளாஸ்டிக். நைலான் கவுனோடு ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தது. நாலாவது தடவை இறங்கும்போது தலைமுடியெல்லாம் சிலிர்த்து நின்றது. தூக்கப் போன தம்பி "ஆ!" என்று கையை உதறிக்கொண்டு சிரித்தான்.

"அடிப்பாவி! நீயும் உங்க அத்தை மாதிரி ஆயிட்டியே!"

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. மறுபடி ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் வரவில்லை.

"நான் வரமாட்டேன். நான் தொட்டா எல்லாரும் ஓடுவீங்க."

பதினெட்டு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாதது அது. நேரே சறுக்கின் அடியில் போய் நின்று கையை நீட்டினாள்.

"சறுக்கி வாடா கண்ணு. நான் புடிச்சுக்கிறேன்."

"அக்கா, இறங்கினதும் முதல்ல அவளை அந்த இரும்பு வேலியைத் தொடச் சொல்லு," என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சறுக்கி வந்தது. விரலும் விரலும் சேர்ந்தன. படக்! இருவரும் துள்ளினார்கள். அவள் கையை விடவில்லை.

"அத்தை, வலிச்சுதா?"

"வலிச்சுது. உனக்கு?"

"எனக்கும்." கொஞ்சம் யோசித்தது. "அப்புறம் ஏன் விடல?"

"விடத் தோணல."

ஸ்டேஷன் வரைக்கும் அந்தக் கை அவள் கைக்குள்ளேயே இருந்தது. ரயில் கிளம்பிப் போயிற்று.

வீட்டைத் திறந்தாள். கை வழக்கம்போல ஜன்னல் கம்பிக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிள்ளையிடமிருந்து ஏறியதெல்லாம் பூங்காவிலேயே போயிருக்கும், அவளுக்குத் தெரியாதா என்ன! இருந்தாலும் அன்றைக்கு அவள் கம்பியைத் தொடவில்லை.