சுவர் எடுத்த வீடு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வீதியோடு ஒட்டி நின்ற அந்த ஒல்லாந்தர் காலத்து வீட்டில் யோசப்பின் ரீச்சரும் அவளுடைய தம்பி சிமியோனும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள். எந்தக் காலத்திலோ யாரோ அவற்றின்மேல் சீமெந்து பூசிவிட்டார்கள். உள்ளே பிடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல், சுவரெல்லாம் உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டியது. மாரி தொடங்கினால் சிமியோனுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். இளந்தாரியாக இருந்தபோது, யுத்தத்தில் செல் குண்டு விழுந்து இரண்டு கண்ணும் போனவன் அவன்.

பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்ற கையோடு வீட்டைத் திருத்துவதென்று யோசப்பின் முடிவெடுத்தாள். தம்பியின் நெஞ்சை நினைத்துத்தான். அவளிடம் படித்த பிரகாஸ் இப்போது கட்டடக் கலைஞன். வந்து சுற்றிப் பார்த்தான்.

"ரீச்சர், சீமெந்தை முழுக்கக் கொத்தி எடுத்துப்போட்டுச் சுண்ணாம்பாலையே பூசுவம். ஈரம் நிக்காது. உள்ளுக்கை இருக்கிற ரெண்டு தடுப்புச் சுவரையும் எடுத்தால் காத்தும் வெளிச்சமும் வீடு முழுக்க ஓடும். பலகை அடிச்சு மூடிக் கிடக்கிற நடுமுற்றத்துப் பள்ளத்தையும் திறந்து விடுவம்."

அவள் சிமியோனிடம் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பிடிப் பிடிக்குதோ அப்பிடிச் செய்யுங்கோ அக்கா." கொஞ்சம் பொறுத்து, "எல்லாச் சுவரையும் எடுக்கப்போறியளோ?" என்றான்.

"இல்லையடா, ரெண்டைத்தான்."

அவன் சுவரைத் தடவிக்கொண்டு தன்னுடைய அறைக்குப் போனான்.

வேலை முடியும்வரை இருவரும் கொஞ்சம் தள்ளியிருந்த திருநெல்வேலியில் வாடகைக்கு இருந்தார்கள். யோசப்பின் அடிக்கடி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கூரையின் பனைமர வளைகளுக்கு எண்ணெய் பூசி மினுக்கியதையும், சுவர் பால்போல வெளுத்து வந்ததையும், குசினியில் அடுப்பைச் சுற்றிக் கைப்பிடியே இல்லாத புது அலுமாரிகள் பூட்டியதையும் வந்து தம்பிக்குச் சொல்வாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பான். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் வீடு திரும்பினார்கள். வாசலைக் கடந்ததும் சிமியோன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். முகம் மலர்ந்தது.

"பளிங்கு மாதிரி இருக்கு அக்கா. நல்ல குளிர்மை."

சுவரைத் தடவியபடியே நடந்தான். சுவர் முடிந்தது. வழக்கம்போலக் கையை வலப்பக்கம் நீட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டடி வைத்து இடப்பக்கம் துழாவினான். அங்கேயும் இல்லை. பெரிய கூடத்தின் நடுவில் இரு கைகளையும் விரித்தபடி நின்றான்.

"அக்கா, வீடு எங்கை?"

"இதுதானடா வீடு. நடுவிலை நிக்கிறாய்" என்று சிரித்துக்கொண்டு சொன்னவள், விரிந்து நின்ற அவனுடைய கைகளைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

முன்பெல்லாம் இந்த வீட்டில் அவனுக்குக் கண் இல்லையென்று வந்தவர்கள் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள். தானே தேத்தண்ணி ஊற்றுவான், கிணற்றில் தண்ணீர் அள்ளுவான், மணி அடித்தால் போய்க் கதவு திறப்பான். அந்தச் சிமியோன் இப்போது கட்டிலை விட்டு இறங்கவே பயந்தான். யோசப்பின் ஒரு நைலோன் கயிறு வாங்கி அவனுடைய அறைக் கதவிலிருந்து குசினிவரை இழுத்துக் கட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கினான்.

ஒருநாள் பிரகாஸ் ஒரு சஞ்சிகைக்காக வீட்டைப் படம் எடுக்கிறவர்களைக் கூட்டிவந்தான்.

"படம் எடுத்து முடியுமட்டும் உந்தக் கயிறைக் கழட்டட்டோ ரீச்சர்?"

அவளே கழற்றினாள். கயிறில்லாமல் அந்தக் கூடத்தைப் பார்க்க அவளுக்கும் ஆசையாக இருந்தது. வேலை முடிந்ததும் வந்தவர்களை வழியனுப்ப வீதிக்குப் போனவள், அவர்கள் புகழப் புகழ அங்கேயே கதைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆரவாரம் அடங்கியதைக் கேட்ட சிமியோன் தேத்தண்ணி ஊற்றலாமென்று எழும்பி வந்திருக்கிறான். கயிறு இருந்த இடத்தைக் கை தேடியது. கால் நடுமுற்றத்துப் பள்ளத்தில் போனது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வைத்தே அவன் சொன்னான்: "அக்கா, நான் சிஸ்டர்மார் நடத்துற மடத்துக்குப் போறன். அங்கை என்னைப் போல கண் தெரியாத ஆக்கள் இருக்கினம்."

"ரெண்டு சுவரையும் திருப்பிக் கட்டுவிக்கிறனடா. இருந்த இடத்திலையே."

"வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டுச் செய்தது."

"நான் உனக்காகத்தான் செய்தனான்."

"ஓம். அது எனக்குத் தெரியும்." அவள் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு அழவாவது வந்திருக்கும்.

பூசை முடிய ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்துக்குப் போவாள். அவன் சுவரோரம் மர வாங்கில் இருப்பான். இழுப்பு இப்போது இல்லை என்பான். வீட்டைப் பற்றி அவனும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

போன கிழமை கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், சஞ்சிகைப் படங்களைக் கண்டு வீடு பார்க்க வந்தது. யோசப்பின் எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தப் பெண் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவான வீட்டிலை தனியவோ அன்ரி இருக்கிறியள்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றாள் யோசப்பின். அவர்கள் போன பிறகு, வெயில் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே காற்றும் வெளிச்சமும் ஓடிய அந்தக் கூடத்தின் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினாள்.