பஞ்சுத் தாடி

“பஞ்சு இருக்கா தாயி? கொஞ்சம் போதும்,” என்று மாமனாரைக் குளிப்பாட்டிய ஈரக் கையோடு சமுத்திரம் அறை வாசலில் நின்று கேட்டபோது, பரிபூரணத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஞ்சு இருந்தது. எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். மாமனாரின் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள், சிவப்பு அங்கியின் மேல், நீலக் காகிதம் பிரிக்காத புது உருளையாக இருந்தது.

பெட்டியை இழுத்துத் திறந்தாள். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. அழுக்கேறிய பழைய தாடியைப் பிய்த்தெடுத்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும் இருந்தது. அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, உருளையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மாமனார் தவசிமுத்து ஆயுசில் பாதியைச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு நடுவே கழித்தவர். தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சு குறைந்துபோன மனிதர். ஆனால் டிசம்பர் பிறந்தால், வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸில், ராஜபாளையத்தில் அவர்கள் சபைக்கு அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. வயிற்றில் தலையணையைக் கட்டி, முகமூடியை மாட்டிக்கொண்டால் போதும், கூட்டாளி சமுத்திரத்தின் டிரம்முக்கு இவர் போடுகிற ஆட்டத்தைப் பார்த்து, ‘நம்ம தவசிதானா இது’ என்று தெருவே வாயைப் பிளக்கும். அன்று விடியற்காலையில், “நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும்மா, செத்த நேரம் படுக்கேன்,” என்று போய்ப் படுத்தவர்தான். பரிபூரணம் காப்பியோடு போய் எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை.

காப்பி ஆறிப்போனதைவிட வேறொன்று அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

போன கிறிஸ்துமஸில், ஞாயிறு பள்ளியில் அவளுடைய கடைக்குட்டி யோவேலைப் பார்த்து, “இன்னைக்கு யார் பொறந்தநாள்?” என்று கேட்டார்கள். “கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு,” என்றான் பயல். சபையே சிரித்தது. பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் இந்த டிசம்பர் தொடங்கியதுமே சாயங்காலம் ஆனால் மெழுகுவத்தி ஏற்றி, பெரியவள் பெனிட்டாவையும் யோவேலையும் உட்காரவைத்து, மாட்டுக்கொட்டகையில் இடம் கிடைத்த கதையைச் சொல்லி ஜெபம் பண்ணவைத்தாள். மாமனாரிடமும் சொல்லிவிட்டாள்.

“மாமா, ரவுண்ட்ஸுக்கு வேஷம் கட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குள்ள மட்டும் அதோட வராதீங்க. பிள்ளைக யேசுவ விட்டுட்டு மிட்டாயத்தான் கேக்குதுக. பொய்யச் சொல்லி வளக்கக் கூடாதுல்ல மாமா.”

சொன்னதோடு விட்டாளா? முகமூடியை எடுத்துவந்து பிள்ளைகளிடம் காட்டினாள். “இது பிளாஸ்டிக். கழட்டினா உள்ள நம்ம தாத்தா. அம்புட்டுதான்.” பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது கிறிஸ்தவ வீட்டிலும் நடக்கும் போலிருக்கிறது. யோவேல் தெரு முழுக்க ஓடி, கிறிஸ்துமஸ் தாத்தா எங்க தாத்தாதான் என்று சொல்லிவிட்டு வந்தான். தவசிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சரிம்மா,” என்றார். அந்தச் சரிம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. இனிமேல் யாரைக் கேட்பது?

ஐஸ் பெட்டி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாத்தனார் இந்து வந்து விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது வாசலில் தொங்கிய காகித நட்சத்திரம் அவள் கண்ணில் பட்டது.

“மதினி, அந்த ஸ்டார அணைங்க. எழவு வீட்டுல அது என்னத்துக்கு?”

“அப்பா மாட்டுனது. எரியட்டும்,” என்றான் பரிபூரணத்தின் புருஷன் விமல்.

அண்ணனும் தங்கையும் பரிபூரணத்தின் முகத்தையே பார்த்தார்கள். அவள் போய் அணைத்தாள். செத்த நேரத்தில் அவளே போய்ப் போட்டாள். எது சரி என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வீட்டு மாஜிதா பிளாஸ்க்கில் காப்பியும் தூக்குவாளியில் இட்லியும் கொண்டுவந்து வைத்தாள். “பிள்ளைகள நான் கூட்டிட்டுப் போறேங்க்கா,” என்றாள். பெனிட்டா போனாள். யோவேல் போகவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தாவின் மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றிக் காதோடு சேர்த்து வெள்ளைத் துணிக்கட்டு. கன்னமெல்லாம் பவுடர்.

“யம்மா,” என்று திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. “தாத்தா வேஷம் போட்டுருக்காவ.”

அழுகை சட்டென்று நின்றுபோனது. “ஏலே, சும்மா இரு,” என்றாள் இந்து.

அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “எப்பம்மா கழட்டுவாவ?”

வேஷம் இல்லடா, தாத்தா செத்துப்போனாவ என்று சொல்லவேண்டும். அதுதானே உண்மை. உண்மையைத்தான் சொல்லி வளர்க்கவேண்டும் என்று மாமனார் முகத்துக்கு நேரே பேசியவள் அவள்தானே. வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். இந்த உடம்பு வெறும் உடுப்புத்தான், நம்முடைய சகோதரர் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கர்த்தரிடம் போயிருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

யோவேல் அவள் விரலை அழுத்தினான். “பாத்தியா, அவரும் சொல்லுதாரு.”

அதுவும் உண்மைதான். பரிபூரணம் அதை நம்புகிறவள். அப்படியானால் பிள்ளை சொன்னதில் எது தப்பு? ஆமென் சொல்லக்கூட மறந்து நின்றாள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடும்போது, “கழட்டாமலே மூடுதாங்கம்மா,” என்று யோவேல் அவள் சேலையை இழுத்தான்.

“பொறவு சொல்லுதேன்,” என்றாள்.

மறுநாள் காலையில் பெனிட்டா அடுப்படியில் வந்து நின்றாள். அவளுக்கு விவரம் தெரியும். “தம்பி வாசலயே பாத்துட்டு இருக்கான். தாத்தா வருவாவங்கான். நெசத்தச் சொல்லும்மா. நீதான பொய் சொல்லக் கூடாதும்ப?”

“சொல்லுதேன்ட்டி,” என்றாள் பரிபூரணம். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மத்தியானம் சமுத்திரம் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். கேரல் ரவுண்ட்ஸுக்கு இன்னும் நாலைந்து தெரு பாக்கி, பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்கள், வேஷம் கட்ட வேறு ஆள் இல்லை, டிரம்மை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுத் தானே கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எங்கப்பா குழி மண்ணுல ஈரங்கூடக் காயல,” என்றாள் இந்து.

விமல் பெண்டாட்டியைப் பார்த்தான். அந்த வேஷத்தை வேண்டாம் என்றவள் அவள். இப்போதும் வேண்டாம் என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பரிபூரணம் உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறந்து, மிச்சம் இருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து முகமூடியில் அவளே ஒட்டினாள். மாமனார் ஒட்டினால் தாடி ஒரே சீராக இருக்கும். இவள் ஒட்டியதில் ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது.

“எங்க வாசல்ல டிரம் மட்டும் அடிக்காதீங்கண்ணாச்சி,” என்று கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வந்ததும் முகமூடியக் கழட்டிருங்க. உள்ள தாத்தா இல்லன்னு அவன் பாக்கட்டும்.”

“ஏந் தாயி, பச்சப் பிள்ளைய…”

“வாயால சொல்ல எனக்கு ஏலல.”

அவர் போன பிறகு, என்ன காரியம் செய்தோம், பெற்றவள் செய்கிற வேலையா இது என்று பதறினாள். கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லலாமா என்று போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பொழுது சாய்ந்துவிட்டது.

பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டு அவர்கள் தெருவுக்குள் வந்தார்கள். முன்னால் சிவப்பு அங்கி. “தாத்தா,” என்று கத்திக்கொண்டு ஓடினான் யோவேல். ஓடிப்போய்த் தலையணை வயிற்றைக் கட்டிக்கொண்டான். பரிபூரணம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமூடியின் ஓட்டை வழியாகச் சமுத்திரத்தின் கண் அவளைத் தேடியது. கழற்றுங்கள் என்கிற மாதிரி அவள் தலையை ஆட்டினாள்.

சமுத்திரம் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் எலாஸ்டிக்கைப் பிடித்தார்.

யோவேல் அவருடைய மற்றக் கையைப் பிடித்துத் திருப்பி, டிரம் குச்சி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். பிறகு அண்ணாந்தான்.

“வேண்டாம் மாமா,” என்றான், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “கழட்டாதீங்க.”

சமுத்திரத்தின் கை காதோரம் அப்படியே நின்றது. பாட்டு ஓரிடத்தில் தடுமாறி மறுபடி சேர்ந்தது. பாடி முடித்துவிட்டு, பையில் கைவிட்டு ஒரு பிடி மிட்டாய் அள்ளிக் கொடுத்தார். யோவேல் வாங்கிக்கொண்டான். கூட்டம் நகர்ந்து, தெருமுனை தாண்டிய பிறகுதான் டிரம் சத்தம் கேட்டது.

பரிபூரணம் நட்சத்திரத்துக்குக் கீழே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யோவேல் வந்து மடியில் உட்கார்ந்து, ஒரு மிட்டாயைப் பிரித்துப் பாதியைக் கடித்து, மீதியை அவள் வாயில் வைத்தான். அவன் கன்னத்தில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுக்கப் போனவள் எடுக்காமல் கையை இறக்கிக்கொண்டாள்.