நோட்டில் பத்து நாற்பது

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். பெரிய டாக்டர்களே என் வார்டுக்குள் செருப்புச் சத்தம் வராமல்தான் நடப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு, குழந்தைகள் நலக் குழு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

பக்கத்தில் தையல்காரப் பெண். துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். புருஷன் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தையை ஒன்பது நாளைக்கு முன்னால் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பித் தருவதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு. எல்லாம் என் கையெழுத்தால் வந்த வினை.

நாங்கள் பதினோரு பாட்டிகள். ஆள் துணை இல்லாத வீடுகளில் சம்பளமில்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்வோம். ஆபீஸ் ஆபீஸாக அந்தத் தாய்மாரோடு போய் அவர்களுக்காகப் பேசுவோம், தேவைப்பட்டால் சண்டையும் போடுவோம். எங்கள் தலைவி ரிட்டயர்டு டீச்சர், அதனால் எல்லாவற்றுக்கும் நோட்டு. போன நேரம், பார்த்தது, செய்தது என்று எழுதியாக வேண்டும். மாதக் கடைசியில் அதன் நகல் இந்தக் குழுவுக்கு வரும்.

தையல்காரப் பெண்ணின் வீட்டில் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை என் முறை. மாடி வீடு, ஜன்னலிலிருந்து பஸ் ஸ்டாப் தெரியும். நான் இறங்குவதைப் பார்த்ததும் அவள் பின்படி வழியாக ஓடிவிடுவாள், இல்லாவிட்டால் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். இரண்டு நிமிஷத்தில் நான் மேலே ஏறிவிடுவேன். நான்கு மாதமாக எங்களுக்குள் இருந்த ஏற்பாடு இது. தெரிந்தால் திட்டுவாள் என்று டீச்சரிடம் மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கும் ஒன்பதரைக்கு இறங்கினேன். அவளும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தெரு மறந்துவிட்டது. மருந்துக்கடை இருந்தது, சலவைக்கடை இருந்தது, எங்கே திரும்ப வேண்டும் என்பது மட்டும் தலையில் இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றால், யார் வீட்டைக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். பிறகு எங்கேயோ ஒரு குழந்தை அழுதது, எல்லாம் ஞாபகம் வந்தது.

நான் மாடி ஏறியபோது குழந்தைக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. தோளில் போட்டுத் தூங்கவைத்துவிட்டு, கைப் பழக்கத்தில் நோட்டை எடுத்தேன். வார்டில் நர்ஸ் தன் கதையை எழுதக் கூடாது. நோயாளி இருந்த நிலையைத்தான் எழுத வேண்டும். '10.40. குழந்தை தனியாக இருந்தது. அழுகை. பெரியவர் யாரும் இல்லை.' என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் தாமதம் என்று டீச்சர் கேட்டபோது, பஸ் லேட் என்று புளுகினேன்.

காரணம் என் பேத்தி. நாலு வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று அவளைக் கூட்டி வருவது நான். மருமகள் நல்லவள்தான், ஆனால் அடுப்பை அணைக்க நான் மறந்த நாளிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறாள். தெருவே மறந்துபோனது தெரிந்தால் பேத்தியை என்னோடு அனுப்புவாளா?

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த குழுத் தலைவர் அம்மாதான் அவளிடம் கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பின?"

"ஒன்பதரைக்கும்மா. பாட்டி பஸ்ஸ விட்டு இறங்கறதப் பாத்துட்டுத்தான் போனேன்."

"பஸ்ஸே லேட்டுன்னு டீச்சர் எழுதிக் குடுத்திருக்காங்க. நோட்டுல பத்து நாப்பதுன்னு இருக்கு. யார் காதுல பூ சுத்தற?"

"சத்தியமா பாத்தேம்மா." அவள் என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் தேவலை. "பாட்டி எழுதினா சரியாத்தான் இருக்கும். வேற யாரையோ பாத்துட்டேனோ என்னவோ... என் கண்ணுதான் தப்பு போல. இனிமே நல்லாப் பாத்துட்டுப் போறேம்மா. பிள்ளையக் குடுத்துருங்க."

வாயைத் திறந்தால் என் பேத்தி போய்விடுவாள். திறக்காவிட்டால் இவள் பிள்ளை போய்விடும். வேறு வழி இருக்கிறதா என்று அந்த நிமிஷத்திலும் தேடினேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

"அவ பாத்தது என்னத்தான்" என்றேன். "ஒன்பதரைக்கே இறங்கிட்டேன். வழி மறந்துபோச்சு. நிஜமாவே மறந்துபோச்சும்மா. டீச்சர்கிட்ட பொய் சொன்னது நான்."

தலைவர் அம்மா மற்ற இருவரிடமும் குனிந்து பேசிவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளைய இன்னைக்கே கூட்டிட்டுப் போ. வேற பாட்டி வருவாங்க. கையில குடுத்துட்டுத்தான் நீ படி இறங்கணும், புரியுதா?"

அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷம்தான் என்று அவள் நினைத்திருப்பாள்.

நாங்கள் எழுந்தோம். "நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார் தலைவர் அம்மா. குரல் இப்போது மெதுவாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "வேற குழந்தை யாராவது உங்க பொறுப்புல இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"என் பேத்தி" என்றேன். "பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரணும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"மருமக நம்பரச் சொல்லுங்கம்மா."

ஒரு எண்கூடப் பிசகாமல் சொன்னேன்.