நாலு நூல் முன்னால்

மராத்தி பேசுகிற ஊரான கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "இக்னிஷன் சம்பந்தப்பட்டது" என்பேன். கேட்டவர் ஓரடி தள்ளி நின்று மரியாதையாகப் பார்ப்பார். உண்மையில் என் வேலை சிவப்புப் பெயிண்டில் கோடு போடுவது. குண்டின் தலையில் இருக்கும் திருகை வேறொருவர் முடுக்கி அனுப்புவார். திருகும் உடம்பும் சேருகிற இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். அப்புறம் யாராவது அந்தத் திருகைத் தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இதையே வீட்டில் சொல்லும்போது மட்டும் அரை மணி நேரம் ஆகும், நாட்டின் பாதுகாப்பே என் பிரஷ்ஷில் தொங்கும்.

வீட்டில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். பெயரை வைத்தவனும் நானேதான். மனைவி வனஜாவின் தையல் மிஷின், மிக்ஸி, சுவர்க் கடிகாரம், ஃபேன் ரெகுலேட்டர் என்று நான் கழற்றாத பொருள் கிடையாது. என் கை பட்ட அன்று எல்லாம் மக்கர் பண்ணும். ஓரிரு நாளில் தானாகவே சரியாகி ஒழுங்காக ஓடும். "செட் ஆகறதுக்கு டைம் எடுக்கும், அவ்ளோதான்" என்று நெஞ்சை நிமிர்த்துவேன். வனஜா தன் தையலில் குனிந்துகொள்வாள். நகத்துக்கு ஒருநாளும் சாயம் பூசாதவள், வருஷத்துக்கு ஒரு பாட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் மட்டும் தவறாமல் வாங்குவாள். ஏதோ ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவைத்திருந்தேன்.

அது இரண்டாயிரத்து இரண்டு, மே மாதம். பக்கத்து அவுந்தில் பார்கவி என்று சென்னையிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரி இருந்தாள். வனஜாவிடம்தான் பிளவுஸ் தைப்பாள். தன் இரண்டு பெண்களையும் காரில் ஸ்கூலுக்குக் கொண்டு விட்டு அழைத்துவர, தமிழ் பேசுகிற பெண் டிரைவர் வேண்டும் என்று ஒருநாள் புலம்பியிருக்கிறாள். "நானே ஓட்டறேங்க" என்று வனஜா சொல்லிவிட்டாள். ஸ்கூல் திறப்பதற்குள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று பார்கவியும் சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து குனிந்து தைத்தே கழுத்து வலி கண்டவள், அந்த வேலைக்காக எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டாள். டெஸ்டுக்கு எங்கள் சொந்த ஃபியட்டையே எடுத்துப்போவது என்று முடிவாயிற்று.

அந்த ஃபியட், எங்கள் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன லூர்துசாமி அண்ணனிடம் வாங்கியது. நேர் ரோட்டில் சாது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். டெஸ்டில் ஒரு மேடு உண்டு, பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கூட வேலை பார்க்கும் சலீம் கேன்டீனில் வைத்து வழி சொன்னான்.

"இன்ஜினுக்கு ஸ்பார்க் பிரிச்சுக் கொடுக்குமே, அந்த டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி லேசா திருப்புண்ணே. ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடியே வரும், வண்டி நல்லா இழுக்கும். ஆனா ஒரு நூலுதான், அதுக்கு மேல போயிடாத."

முதல் நாள் சாயங்காலம் வனஜா என்னை நிற்கவைத்துக் கேட்டாள். "ஏங்க, நாளைக்கு டெஸ்ட் முடியறவரைக்கும் பானெட்டைத் தொறக்காதீங்க. என் தலைமேல கை வெச்சு சொல்லுங்க."

வைத்தேன். சொன்னேன். மறுநாள் காலை அவள் உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது, நான் வெளியே பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் நல்லதுக்குத்தானே, ஜெயித்ததும் சொல்லி அசத்துவோம் என்று திட்டம். எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் அவசரமாகத் திருப்பினேன். ஒரு நூலுக்கே, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கே, இழுக்கும் என்றால் நாலு நூலுக்குப் பறக்கும் அல்லவா? நாலு நூல் வைத்து முடுக்கினேன்.

வண்டி உண்மையிலேயே சீறிக்கொண்டு கிளம்பியது. கூடவே இன்ஜினுக்குள்ளிருந்து, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம்.

"என்னங்க சத்தம் இது?"

"நல்ல சத்தம்தான். நீ ஓட்டு."

ஏரவாடா தாண்டி, டெஸ்ட் மைதானத்தில் நீளமான வரிசை. வெயிலில் வண்டியை ஆஃப் பண்ணாமல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, முறை வருவதற்குள் இன்ஜின் அடுப்பாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறினார். நான் இறங்கி வேலியோரம் மற்ற புருஷன்மார்களோடு நின்றேன்.

எட்டுப் போட்டாள், பிசகில்லை. மேட்டில் ஏறி நடுவில் நின்றாள். இன்ஸ்பெக்டர், வண்டியை ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார் போலிருக்கிறது. வனஜா சாவியைத் திருப்பி உருவினாள். அடுப்பாய்க் கொதித்த இன்ஜின் நிற்கவில்லை. சாவி அவள் கையில் இருக்கிறது, வண்டி டொக்கு டொக்கென்று குலுங்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் சாவியைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார், கதவுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வனஜா பிரேக்கை அழுத்தி, கியரைப் போட்டுக் கிளச்சை விட்டாள். ஒரு குலுக்கலோடு இன்ஜின் அடங்கியது.

இனி ஸ்டார்ட் பண்ண வேண்டும். சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகி, பின்பக்கமாக உதைத்து நின்றது. மறுபடி முனகல், மறுபடி உதை. என் நாலு நூல் உள்ளே உட்கார்ந்து வேலை காட்டியது. அவுந்து வேலை கண்முன்னால் கைநழுவிப் போகிறது. தள்ளலாமென்று வேலியைத் தாண்டி ஓடினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தவள், வெளியே கை நீட்டி ஒரு விரலை ஆட்டினாள். அப்படியே நின்றுவிட்டேன்.

கியரை ரிவர்ஸில் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை விட்டாள். வண்டி மேட்டிலிருந்து பின்னால் உருண்டது. இன்ஸ்பெக்டர் ஏதோ சாமியைக் கூப்பிட்டது எனக்கே கேட்டது. சட்டென்று கிளச்சை விட்டாள். வண்டி ஒரு உதறு உதறி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிறுத்தி, முதல் கியரில் மேடேறி, சுற்றிவந்து கோட்டுக்குள் நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் இறங்கி முகத்தைத் துடைத்தார். "காடி கோணாச்சி?" என்று கேட்டார். வண்டி யாருடையது என்று மராத்தியில் கேள்வி. வனஜா என்னைக் காட்டினாள். அவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பிறகு பாஸ் என்று எழுதிக்கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிப் பானெட்டைத் திறந்தாள். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பழந்துணியால் துடைத்தாள். உள்ளே சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பாதி இன்ஜின் உடம்பில், பாதி டிஸ்ட்ரிபியூட்டரில். நடுவில் நாலு நூல் இடைவெளி. அந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா, என் சோறே அதில்தான்.

"நெயில் பாலிஷ்" என்றாள். "வண்டி வந்த அன்னிக்கே போட்டுட்டேன். நீங்க கை வெச்சா மறுநாள் நான் பழைய இடத்துக்குக் கொண்டாந்து வெப்பேன். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"மிஷின், மிக்ஸி, கடியாரம், எல்லாம்தான்."

இரண்டு பாதிக் கோடும் ஒன்று சேரும்வரை மெல்லத் திருப்பி, முடுக்கினாள். சூட்டில் விரல் பட்டு உதறிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்குக் காலையில மட்டும் தொறந்து பாக்கல. சத்தியம் பண்ணினாரேன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாவியைத் தொட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. வீடு வரைக்கும் கூழாங்கல் சத்தமே இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தையல் மிஷினைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டுக் கடிகாரத்தை இறக்கினேன். மிக்ஸியைக் கவிழ்த்தேன். எல்லாவற்றிலும் சின்னதாக, நேராக, சிவப்புக் கோடு. ஒன்றுகூட உடையவில்லை. என்னைவிட நன்றாகவே போட்டிருந்தாள்.

ஜூனில் வனஜா அவுந்துக்கு வேலைக்குப் போனாள். நான் வழக்கம்போல ஃபேக்டரியில் பிரஷ்ஷைப் பெயிண்டில் நனைத்து உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து தொட்டுவிடுவான் என்று பயந்துதானே இந்தக் கோட்டைப் போடச் சொல்கிறார்கள், அந்த யாரோ எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு கோடு இழுக்கும்போதும் அவன் முகம் தெரிகிறது. தினம் காலையில் கண்ணாடியில் ஷேவ் பண்ணிக்கொள்கிற அதே முகம்.