ஜலதோஷம் பிடித்த கதாநாயகன்

பதினோரு வருடமாக அடியாட்களுக்கும் டாக்டர்களுக்கும் குரல் கொடுத்து வந்த என் கணவருக்கு முதல்முறையாகக் கதாநாயகன் குரல் கிடைத்தது. சுமாரான கொரியன் படம். ஒரு துறைமுகம், ஒரு போலீஸ் அதிகாரி, ஒரே மாதிரி கறுப்புக் கோட்டுப் போட்ட நாற்பது பேர். வாயசைவுக்குத் தக்கபடி தமிழில் வசனம் எழுதியவள் நான்.

திங்களன்று இடைவேளை வரை பேசி முடித்தார். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். அந்தக் கரகரப்பு டப்பிங் இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானோ, மனுஷன் கஷ்டப்படுகிறாரே என்று இரண்டு நாள் விடாமல் ஆவி பிடிக்க வைத்தேன். வியாழன் காலை மைக் முன்னால் நின்றபோது அவர் தொண்டை கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது.

"யாருங்க இது?" என்றார் இயக்குநர். "பாதிப் படத்துல ஹீரோ மாறிட்டானா?"

கரகரப்பைத் திரும்ப வரவழைக்க என் கணவர் ஐஸ் தண்ணீர் குடித்தார். மாடிப்படியில் நின்று கத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"முதல் பாதிய மறுபடி பேசிடறேன் சார்."

"இந்த வெல்லக் குரல்லயா? தயாரிப்பாளர் அந்தக் கரகரப்பைக் கேட்டு ஓகே பண்ணிட்டார். மூணு மணி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா வேற ஆளை வெச்சு முழுசும் பேசிடுவோம்."

வராந்தாவில் என் கணவர் என் பக்கம் திரும்பினார். "உன்னை யாரு என்னைக் குணப்படுத்தச் சொன்னா?"

"விடிய விடிய இருமினது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?" என்றேன். "இடைவேளைல வில்லன் ஹீரோவோட கழுத்தை நெரிக்கிறான்ல, அதுல குரல் மாறிடுச்சுன்னு விட்டுடலாமே."

"கழுத்தை நெரிச்சா குரல் கெடும். தெளியுமா? எழுதறவதானே நீ?"

சுருக்கென்று தைத்தது. வசனத் தாள்களை மடியில் பரப்பிக்கொண்டேன். முகம் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். எங்கள் தொழிலில் அது ஒரு வசதி. முதல் பாதியில் நாயகன் மழையில் முதுகைக் காட்டி நடக்கிறான். பின்னால் வரும் உதவியாளன், "ஜலதோஷத்தோட எதுக்கு சார் நனையறீங்க?" என்பான். இடைவேளைக்குப் பின் மனைவி போனில், "ஜலதோஷம் போயிடுச்சா?" என்பாள். அப்போதும் திரையில் அவன் முதுகுதான். இப்படி இரண்டு இடத்தில் புது வசனம் எழுதினேன்.

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். "கொலைகாரனைத் துரத்தறவனுக்கு ஜலதோஷமா?"

"மழையிலதானே சார் துரத்தறார்."

"சரி, போய்த் தொலையட்டும்."

என் கணவருக்குத்தான் ஆறவில்லை. "பதினோரு வருஷம் கழிச்சு ஒரு ஹீரோ. அவனையும் மூக்கு உறிஞ்ச வெச்சுட்டே."

"பிடிக்கலன்னா தாளைக் குடுங்க, கிழிச்சுடறேன்."

கொடுக்கவில்லை. உள்ளே போய்விட்டார். நாயகனின் மனைவி குரலை நானே பேசினேன்.

"ஜலதோஷம் போயிடுச்சா?"

"போயிடுச்சு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கோபம் நல்லா வந்திருக்கு," என்றார் இயக்குநர். "அடுத்தது போலாம்."

அடுத்த காட்சியில் நாயகன் மனைவியிடம், "நீ இல்லன்னா நான் இல்ல" என்று உருக வேண்டும். ஒன்பது டேக் ஆயிற்று.